கணக்கில் தோற்றால் மானியம் குறையும், சாதி பார்த்தால்?

ஆய்வாளர் வருகிறார் என்றால் நம் ஊர்ப் பள்ளிகளில் இன்றும் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பதிவேடுகளைச் சரிசெய்வார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் "நாளைக்கு வராதே" என்று சொல்லி அனுப்புவதும் பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளை பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பழக்கம் ஏதோ ஒரு தலைமையாசிரியரின் கெட்ட குணத்தில் இருந்து மட்டும் வந்ததல்ல. அதன் வேர் 150 ஆண்டுகளுக்கு முன் அரசு எழுதிய விதிகளில் இருக்கிறது. மாணவ நண்பர்கள் அந்த விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதி பிறந்தது இங்கிலாந்தில். 1862இல் ராபர்ட் லோவ் என்ற அமைச்சர் கல்வி மானிய விதிகளைத் திருத்தினார். அதுவரை பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்த அரசுப் பணம் இனி தேர்வு முடிவைப் பார்த்துத்தான் போகும் என்றார். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. மீதி 8 ஷில்லிங், 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த பிள்ளை ஆய்வாளர் முன் நின்று தேறினால் மட்டுமே. வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பாடம். ஒன்றில் தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. திட்டம் திறமையாக நடக்காவிட்டால் செலவாவது குறையும் என்பது லோவின் வாதம். மக்கள் கல்வியை ஓர் அமைச்சர் கடைக்கணக்காகப் பார்த்த காலம் அது.

அங்கேயே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கவிஞர் மேத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர். உண்மையில் படிக்கத் தெரியாத பிள்ளையைக்கூட தந்திரமாகத் தயாரித்து இந்தத் தேர்வில் தேறவைத்துவிட முடிகிறது என்று தன் ஆய்வறிக்கையிலேயே எழுதினார். புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். ஆய்வாளருக்கு அது வாசிப்பு, பள்ளிக்கு அது பணம்.

சான்றிதழ் கதையும் கவனிக்க வேண்டியது. 1876ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டப்படி பத்து வயது தாண்டிய பிள்ளையை வேலைக்கு அனுப்ப ஒரு சான்றிதழ் வேண்டும். குறிப்பிட்ட வகுப்பு நிலைக்குத் தேறியதாக ஒரு சான்று. தேறாத பிள்ளைக்கு, போதிய நாள் பள்ளிக்கு வந்ததாக இன்னொரு சான்று. இரண்டாவதற்கு மக்கள் வைத்த பெயர் 'மட்டியின் சான்றிதழ்'. விளைவைப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை சீக்கிரமாகத் தேறி, சீக்கிரமாக ஆலைக்குப் போனது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் மேல்படிப்புக்கான கதவு. ஏழைப் பிள்ளைக்கு அதுவே பள்ளியை விட்டு வெளியேறும் சீட்டு.

இந்த முறை 1860களிலேயே கப்பல் ஏறி பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்துவிட்டது. அதற்கான துறை இங்கே தயாராக இருந்தது. 1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி ஆணை மாகாணந்தோறும் கல்வித்துறையையும் ஆய்வாளர்களையும் உருவாக்கியிருந்தது. தனியார் பள்ளிக்கு மானியம், அதற்குப் பதிலாக அரசு ஆய்வு என்பது அந்த ஆணையின் ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் கிராமத்துத் திண்ணைப் பள்ளிகளை அரசின் கீழ் கொண்டுவர இந்தத் தேர்ச்சி மானியம்தான் தூண்டிலாகப் பயன்பட்டது. திண்ணை யார் வீட்டுத் திண்ணை? ஊர்க்காரர் வீட்டுத் திண்ணை. சேரிப்பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்க முடியாத காலம். வாசல் ஏற முடியாத பிள்ளை ஆய்வாளர் முன் நிற்பது எப்படி?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சாதி பார்த்துப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பள்ளியை என்ன செய்வது என்ற கேள்வி அரசின் முன் ஏற்கெனவே வந்துவிட்டது. 1856இல் தார்வாட் அரசுப் பள்ளியில் சேர வந்த ஒரு மகர் சிறுவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவன் பம்பாய் அரசுக்கே மனு போட்டான். ஒருவனுக்காகப் பலருடைய எதிர்ப்பைச் சம்பாதிக்க முடியாது என்ற தோரணையில் அரசு கைவிரித்தது. விஷயம் லண்டன் வரை போனது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்று 1858இல் கம்பெனி இயக்குநர்கள் எழுதினார்கள். பம்பாய் அரசும் முழுவதும் அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தவை என்று அறிவித்தது. ஆனால் ஊராரின் பணமும் சேர்ந்து நடக்கும் பள்ளியில், அவர்கள் எதிர்த்தால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் புகுத்தும் எண்ணம் இல்லை என்றது. சாதி காரணமாகக் கல்வி மறுக்கும் மானியப் பள்ளிக்கு உதவியை நிறுத்தும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. எழுபது ஆண்டு கழித்து, 1928இல், சைமன் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் இந்த வரலாற்றைத்தான் ஆதாரமாக எடுத்து வைத்தார்.

இப்போது இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை கணக்கில் தோற்றால் மானியம் தானாகக் குறையும். கருணைக்கு இடமில்லை. ஒரு பள்ளி தலித் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் மானியத்தை நிறுத்தலாம். 'நிறுத்தப்படும்' இல்லை, 'நிறுத்தலாம்'. பிள்ளையின் தவறுக்குக் கட்டாயத் தண்டனை, பள்ளியின் தீண்டாமைக்கு அதிகாரியின் மனசு. சாதி இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

இதைக் கண்டு சொன்னவர் ஜோதிராவ் புலே. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அவர் ஒரு மனு கொடுத்தார். பன்னிரண்டு வயது வரை கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்று கேட்டது அந்த மனுதான். கல்வியின் சுவையே இன்னும் எட்டாத ஏழை மக்களுக்குத் தேர்ச்சி மானியம் பொருந்தாது என்று அதில் தெளிவாகச் சொன்னார். அந்த மக்களிடையே பள்ளி திறந்து எந்த ஆசிரியரும் பிழைக்க முடியாது, ஆகவே அரசே பள்ளி நடத்த வேண்டும், தனிச் சலுகையும் தர வேண்டும் என்றார்.

ஆய்வே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை துணை ஆய்வாளர் எட்டிப் பார்ப்பதால் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும், சொல்லாமல் கொள்ளாமலும் வர வேண்டும் என்று கேட்டார். முன்கூட்டியே தெரிவித்து வரும் ஆய்வு பிள்ளையைச் சோதிக்கும். சொல்லாமல் வரும் ஆய்வு பள்ளியைச் சோதிக்கும். புலே கேட்டது இரண்டாவதை.

சென்னையில் அரசு கொஞ்சம் அசைந்தது 1893இல். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைக்குப் பிறகு, பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை வந்தது. சேரிகளில் தனிப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை என்று அது போனது. 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் தேர்ச்சி மானிய முறையையே கைவிட்டது. ஆனால் வாசல்? சென்னை அரசு 1919இல் பார்த்தபோது, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை வெறும் 609. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. 1858இல் எழுதிய 'எல்லாருக்கும் பொது' என்ற சொல் அறுபது ஆண்டில் வந்து சேர்ந்த தூரம் அவ்வளவுதான்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2019இல் தமிழ்நாட்டில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதே இரு வகுப்புகளில் தோல்வியுறும் பிள்ளைகளை நிறுத்திவைக்க விதி கொண்டுவந்தது. தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பதாகை நம் தெருக்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நூறைக் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பப்படும் பிள்ளைகள் எந்தச் சதவீதத்திலும் வருவதில்லை.

ஆகவே ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், இடையில் போனவர்கள் எந்தச் சமூகம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனியார் பள்ளியாக இருந்தால் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வரும் எண்களை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். யார் தேறினார்கள் என்று ஆய்வாளர் 150 ஆண்டாகக் கேட்டு வருகிறார். யார் காணாமல் போனார்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.