வன்னியும் தலைச்சுற்றும்: முள்ளந்தண்டு மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதன் குளங்கள் பற்றியும் வன்னிமைகள் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அந்நிலத்து மக்களை வருத்திய நோய்களின் வரலாறோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. தலைச்சுற்று, கிறுதி என்று வழங்கும் துன்பம் அவற்றுள் ஒன்று. முள்ளந்தண்டையும் கழுத்தையும் கையாற் சடுதியாகத் திருப்பி அதனை நீக்கலாம் எனக் கூறும் கைரோபிராக்டிக் என்னும் மருத்துவமுறை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வன்னியின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைரோபிராக்டிக் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரிலே தோன்றியது. டி. டி. பாமர் என்பார் ஹாவி லில்லாட் என்னும் தொழிலாளியின் முதுகென்பொன்றை அழுத்திச் சரிசெய்தார் என்றும், அதனால் அவரது செவிட்டுத்தன்மை நீங்கியது என்றும் அம்முறையினர் கூறுவர். பின்னர் நோய்களில் 100க்கு 95 முள்ளந்தண்டென்புகள் விலகுவதனாலேயே உண்டாகின்றன எனப் பாமர் உரைத்தார். ஆயின், செவிநரம்பு உட்செவியிலிருந்து மூளைக்கு மண்டையோட்டினுள்ளேயே செல்வது, முதுகினூடாகச் செல்வதன்று.

தலைச்சுற்றின் காரணத்தை மருத்துவர் வேறிடத்திற் கண்டிருந்தனர். 1861இல் பாரிசு நகரத்து மருத்துவர் புரொஸ்பர் மெனியர், தலைச்சுற்று உட்செவியின் கோளாற்றினாலும் வரும் என எடுத்துக்காட்டினார். உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் கால்வாய்கள் அங்கேயே உள்ளன. இத்துறையில் உழைத்த றொபேட் பரனி 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசினைப் பெற்றார்.

இனி வன்னிக்கு வருவோம். டாவன்போர்ட்டில் இம்முறை தோன்றிய அதே 1895ஆம் ஆண்டிலேயே, சிவில் சேவை அதிகாரியான ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்டார். காய்ச்சலும் பறங்கிநோயும் குடிகளை நலிவித்த காலம் அது. பறங்கிநோய் பற்றி 1881இலேயே கின்சி என்னும் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை எழுதவேண்டியிருந்தது. மலேரியா குருதியை வற்றச் செய்யும். குருதிச்சோகை தலைச்சுற்றைத் தரும். அக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவும் அளவு மிகுந்தால் காதிரைச்சலையும் செவிமந்தத்தையும் தலைச்சுற்றையும் உண்டாக்கும். நோயும் கிறுதி தந்தது. மருந்தும் கிறுதி தந்தது. இவற்றுள் எதற்கும் கழுத்தென்பு காரணமன்று.

2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்கு முன்பே வன்னியை வேறொரு கேடு சூழ்ந்திருந்தது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின்போது எறிகணைகளும் குண்டுகளும் மக்கள் நடுவே வெடித்தன. வெடியதிர்வு செவிப்பறையைக் கிழிக்கும், உட்செவியையும் தாக்கும், தலைக்காயமோ ஆண்டுகள் பல கடந்தும் தலைச்சுற்றாக எஞ்சுதல் கூடும். இத்தகையோர் ஒருவரது கழுத்தைத் திருப்புமுன் அவர் காதைச் சோதிப்பதே முறையாகும்.

தமிழ் மருத்துவ மரபும் ஈண்டு நோக்கற்பாலது. கையாற் செய்யும் சிகிச்சை நமக்குப் புதிதன்று. முறிவு நெரிவு வைத்தியம் ஈழத்திற் பெயர்பெற்றது. தட்டல், பிடித்தல், இழுத்தல் முதலாகத் தொக்கணத்தின் வகைகளை ஒன்பதாகச் சித்த மருத்துவர் வகுத்தனர். ஆயினும், தலைநோய்களுக்குத் தனியே நிதானம் கண்டனர். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரத்திலே சிரரோக நிதானம் தனிப் பகுதியாக அமைந்துள்ளமை இதற்குச் சான்று. தலைச்சுற்றைப் பித்தத்தின் மிகுதியென அவர்கள் கொண்ட விளக்கம் இன்றைய அறிவுக்கு முற்றும் ஒவ்வாதாயினும், எல்லா நோயையும் ஓர் என்பின் விலகலுக்குள் அடக்க அவர்கள் முயலவில்லை.

அவ்வாறாயின் கையாற் செய்யும் சிகிச்சைக்குத் தலைச்சுற்றில் இடமே இல்லையா? உண்டு. உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணமணிகள் இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாயினுள் புகுந்தால், படுக்கையிற் புரளும்போதும் நிமிர்ந்து பார்க்கும்போதும் உலகமே சுழல்வதுபோலத் தோன்றும். நோயாளியின் தலையை ஒழுங்கான நிலைகளில் மெல்லத் திருப்பி அம்மணிகளை வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜோன் எப்லி வகுத்தார். மருந்தின்றிப் பலருக்குக் குணம் தரும் முறை இது. கழுத்து நோவோடு சேர்ந்து வரும் ஒருவகைத் தலைச்சுற்றுக்கு மென்மையான கழுத்துச் சிகிச்சை பயன்தரலாம் எனச் சில ஆய்வுகள் காட்டினும், சான்றுகள் இன்னும் வலிமை பெறவில்லை. மாறாக, கழுத்தைச் சடுதியாகத் திருகுதல் அரிதாக அங்குள்ள நாடியைக் கிழித்துப் பாரிசவாதத்தில் முடிதலும் உண்டு. அத்தகைய கிழிவுக்கே தலைச்சுற்று ஓர் அறிகுறியாகலாம் என்பது இன்னும் எச்சரிக்கைக்குரியது.

எப்லியின் முறையும் கையாற் செய்வதே. பாமரின் முறையும் கையாற் செய்வதே. முன்னையது நோயின் இருப்பிடத்தை அறிந்த பின் தலையைத் தொடுகிறது. பின்னையது தொடுமுன்னரே காரணத்தை முடிவுசெய்துவிடுகிறது. காய்ச்சலாலும் மருந்தாலும் போராலும் தலைசுற்றிய மக்களைக் கொண்ட வன்னியின் வரலாறு இவ்வேறுபாட்டின் பெறுமதியை நன்கு உணர்த்துகின்றது. தலைச்சுற்று ஒரு நோயன்று; பல நோய்களின் அடையாளம். கிறுதி என்று வருபவரிடம் "எப்போது தொடங்கியது? காது கேட்கிறதா? பேச்சுக் குழறுகிறதா?" என முதலிற் கேட்பதே, எம்முறை மருத்துவராயினும் அவரது கடமையாகும்.