எதன்மேல் எதை வைப்பது: சில்லுப் படங்களின் அடுக்குப் பொருத்தம் வளர்ந்த வரலாறு

சிப் ஒன்றைத் திறந்து அதன் மின்சுற்றை மீட்டெடுக்கும் வேலை என்றதும் அமிலமும் நுண்ணோக்கியும்தான் நினைவுக்கு வரும். இடையில் அலுப்பூட்டும் ஒரு கட்டம் உண்டு. அடுக்கடுக்காக உரித்து எடுத்த படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். வண்ண அச்சகத்தில் இதை 'ரிஜிஸ்டர்' என்பார்கள். அங்கே அது விலகினால் காலண்டர் படத்தில் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் வழியும். சிப்பில் விலகினால் சுற்றே வேறாகிவிடும். கையால் செய்த வேலை கணினிக்குப் போனது என்று இந்த வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், எதைச் சாட்சியாக வைத்துப் பொருத்துவது என்ற தேர்வு மாறிவந்ததே இதில் முக்கியம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொருத்தும் சிக்கல் முதலில் உற்பத்தியாளருடையது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004இன் காலத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் 'ரூபிலித்' என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி உரித்து, அதைப் புகைப்பட முறையில் சிறிதாக்கி, 'மாஸ்க்' எனும் ஒளி மறைப்புத் தகட்டைத் தயாரித்தார்கள். மாஸ்க்கில் பொறித்த அடையாளக் குறிகளைப் பார்த்து அடுக்குகளைப் பொருத்தினார்கள். ஆக, நம் கைக்கு வரும் சிப்பில் அடுக்குகள் ஏற்கெனவே பொருந்தியே இருக்கின்றன. பகுப்பாய்வாளர் காணும் விலகலில் பெரும்பகுதி அவரே உண்டாக்கியது: சிப்பைக் கழற்றி மெருகேற்றி மறுபடி வைத்தபோது சற்றே திரும்பியது, லென்ஸ் ஓரங்களில் வளைத்தது, உருப்பெருக்கம் இம்மியளவு மாறியது.

அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் மாஸ்க் வடிவமைப்புக்குப் பாதுகாப்பு தந்தது. அதே சட்டம் பகுப்பாய்வுக்காகப் படியெடுப்பதையும் அனுமதித்தது. அந்தக் காலத்துப் பகுப்பாய்வாளர்கள் அச்சிட்ட படங்களை ஒட்டித் தரையில் விரித்து, அவற்றின்மேல் ஊர்ந்தபடி கம்பிகளைக் குறித்தார்கள். அப்போது பொருத்தம் என்பது கண்ணும் முழங்காலும் செய்த வேலை.

திரையில் அது எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். படம் 10,000 பிக்சல் அகலம்; கம்பி 10 பிக்சல், இடைவெளி 10 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இடது மூலையைத் துல்லியமாகப் பொருத்திவிட்டோம், ஆனால் படம் 0.1 டிகிரி சாய்ந்திருக்கிறது. வலது ஓரத்துக்குப் போனால் 17 பிக்சல் விலகல். இரு அடுக்குகளை இணைக்கும் செங்குத்து உலோகத் தூணுக்குத் துறையில் 'வயா' என்று பெயர். இடது பக்கம் தன் கம்பியின் நடுவில் நின்ற வயா, வலது பக்கம் ஏறக்குறைய பக்கத்துக் கம்பியில் போய் நிற்கிறது. கண்ணுக்குப் படம் அழகாகத்தான் தெரியும்; சுற்று மட்டும் பொய் சொல்லும்.

2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த 24ஆவது கேயாஸ் தொடர்பாடல் மாநாட்டில், மைஃபேர் கிளாசிக் என்ற தொடுதலற்ற அட்டையின் ரகசியக் குறியாக்க முறையைச் சிப்பிலிருந்தே படித்த விதம் விளக்கப்பட்டது. அதைப் படித்த கார்ஸ்டன் நோல் குழுவினருக்கு அதிகம் தொல்லை கொடுத்தது சாய்வு. ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர் சிப்பை மெருகேற்றும்போது சற்றுச் சாய்ந்தாலும் ஒரே படத்தில் இரண்டு அடுக்குகள் எட்டிப் பார்க்கும். அதனால் சிப்பைப் பிளாஸ்டிக் கட்டியில் பதித்து மெருகேற்றினார்கள். படத்துண்டுகளை இணைக்க, சுற்றுலாப் படங்களைப் பரந்த காட்சியாக ஒட்டுவோர் பயன்படுத்தும் ஹுகின் மென்பொருளே போதுமானதாக இருந்தது.

2009இல் விஷுவல் 6502 குழு வேறொரு வழியில் போனது. 6502 என்ற செயலியில் உலோக அடுக்கு ஒன்றே ஒன்று. மேற்பரப்பை ஒருமுறையும் மேலடுக்குகளை நீக்கியபின் அடித்தளத்தை ஒருமுறையும் படமெடுத்து, பொருத்திய அந்த இரண்டு படங்களிலிருந்து சுமார் 20,000 பாகங்களைப் பலகோணங்களாக உருவாக்கினார்கள். அதிலிருந்து கட்டிய சிமுலேஷன் 6502 நிரல்களை ஓட்டியது. பொருத்தம் சரியா என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

பொதுவான பட ஒப்பீட்டு முறைகள் இத்துறைக்கு வெளியே எப்போதோ தயாராகிவிட்டன. குக்லின், ஹைன்ஸ் இருவரும் 1975இல் தந்த கட்டத் தொடர்பு முறையில் இரு படங்களின் நகர்வு ஒரே ஒரு கூர்மையான சிகரமாகத் தெரியும். டேவிட் லோ 1999இல் தந்த 'சிஃப்ட்' தனித்துவமான புள்ளிகளைத் தேடிப் பொருத்தும். சிப்பில் இரண்டும் தடுமாறும் இடங்கள் உண்டு. நினைவகப் பகுதியில் ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதால், சிகரமும் வரிசையாகப் பல முளைக்கும். அதைவிட அடிப்படையான சிக்கல், அடுத்தடுத்த உலோக அடுக்குகளில் ஒரே காட்சி இல்லை. ஒன்றில் கம்பிகள் கிடையாக ஓடினால் மற்றதில் செங்குத்தாக ஓடும். இரண்டுக்கும் பொதுவானது வயா மட்டுமே. டிகேட் என்ற திறமூல மென்பொருளில் வயா மேலே போகிறதா கீழே போகிறதா என்று தனித்தனியாகக் குறிக்கலாம். கீழே போவதாகக் குறித்த வயாவுக்குக் கீழ் அடுக்கில் துணை இல்லையென்றால் குறித்தது தவறு, அல்லது படம் நகர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு அநாதை வயாக்கள் என்றால் முதலாவதைச் சந்தேகிக்கலாம். ஒரு மூலை முழுக்க அப்படியென்றால் இரண்டாவதைத்தான்.

2023இல் போஹும் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் சாட்சி மறுபடி மாறியது. 90, 65, 40, 28 நானோமீட்டர் சிப்புகளின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை அவர்கள் மூல வடிவமைப்புக் கோப்போடு ஒப்பிட்டு, சோதனைக்காக வேண்டுமென்றே செய்த 40 மாற்றங்களில் 37ஐக் கண்டுபிடித்தார்கள். தவறிய மூன்றும் 28 நானோமீட்டர் சிப்பில்.

உரிக்காமலே பார்க்கும் வழியும் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் எக்ஸ்-கதிர் முறையில் இன்டெல் செயலியின் ஒரு சிறு துண்டை 14.6 நானோமீட்டர் நுட்பத்தில் முப்பரிமாணமாகப் பார்த்த ஆய்வு 2017இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அங்கே அடுக்குகளைப் பிரிப்பதும் இல்லை, மெருகேற்றுவதும் இல்லை. மாதிரியைக் கோணம் கோணமாகத் திருப்பிப் பல படங்கள் எடுக்கிறார்கள். அத்தனை படங்களையும் ஒன்றோடொன்று பொருத்திய பிறகே உருவம் தெரிகிறது.