ஆக்சிஜன் ஏந்தும் திரவங்கள் (தலைக்காய மருத்துவம்)

தலையில் பலத்த அடிபட்டவரின் மூளைக்கு ஆக்சிஜன் கொண்டுசேர்க்கச் சிரை வழியே ஏற்றிப் பார்க்கப்பட்ட செயற்கைத் திரவங்கள். பெர்ஃபுளுரோகார்பன் பால்மங்கள், ஹீமோகுளோபின் கரைசல்கள் என இரு வகைப்படும்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அடிபட்ட நொடியிலேயே சிதைந்த செல்களை மீட்க வழியில்லை. பிறகு மூளை வீங்கி, நுண்குழாய்கள் நெரிபட்டு, மூச்சின்றி மடியும் செல்களைத்தான் காக்க முடியும். சிவப்பணுவின் குறுக்களவு 7–8 மைக்ரான். பெர்ஃபுளுரோகார்பன் துளி சுமார் 0.2 மைக்ரான்தான். நெரிந்த குழாயில் சிவப்பணு நின்றுவிட்டாலும் துளி புகுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பே இச்சிகிச்சையின் வேர்.

லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் 1966இல், ஆக்சிஜன் ஏற்றிய பெர்ஃபுளுரோகார்பன் திரவத்தில் மூழ்கிய எலி உயிரோடிருப்பதைக் காட்டினர். ஜப்பானின் ஃபுளுசால் என்ற பெர்ஃபுளுரோகார்பன் பால்மம் 1989இல் அமெரிக்காவில் இதயக் குழாய்ச் சிகிச்சைக்கு அனுமதி பெற்று, 1994இல் சந்தையிலிருந்து விலகியது. தலைக்காயத்துக்கெனச் சோதிக்கப்பட்டது ஆக்ஸிசைட் என்ற இன்னொரு பெர்ஃபுளுரோகார்பன் பால்மம். சுவிட்சர்லாந்து, இஸ்ரேல், இந்தியா ஆகிய நாடுகளைத் தழுவிய அதன் சோதனை, போதிய நோயாளிகள் சேராததால் 2014இல் கைவிடப்பட்டது. ஹீமோகுளோபின் கரைசல்களின் கதை இன்னும் கசப்பானது: அவை நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சி ரத்தக்குழாய்களைச் சுருக்கின. விபத்தில் ரத்தமிழந்தவர்களிடம் 1990களில் நடந்த ஒரு சோதனையில், மருந்து பெற்றவர்களிடையே சாவு கூடியதால் அது பாதியில் நின்றது.

பெர்ஃபுளுரோகார்பனில் கரையும் ஆக்சிஜன், நோயாளி இழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தைப் பொறுத்தது. சாதாரணக் காற்றை மூச்சிழுப்பவருக்கு அதனால் பெரும்பயன் இல்லை. ஆக, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாத இடத்தில் இத்திரவமும் வீண்தான்.

பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்க வேண்டிய, தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை போன்ற ஊர்களுக்கு இந்த வரம்பு முக்கியம். கச்சிராயபாளையம் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் கள்ளக்குறிச்சியைத் தொட வேண்டும். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இறங்கும் வழியில் மூச்சுப்பாதை அடைபடாமலும், ரத்த அழுத்தம் சரியாமலும், முகமூடி வழி ஆக்சிஜன் தடையின்றியும் இருப்பதே இன்றைக்கு நிரூபணமான மருத்துவம். தலைக்காயத்துக்கான வழக்கச் சிகிச்சையில் ஆக்சிஜன் ஏந்தும் திரவம் எதுவும் இதுவரை இடம்பெறவில்லை.