ஐந்து பாடங்கள் வந்த வழி

இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரை நினைத்துக்கொள்வோம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு சிற்றூர். வெளியே பனி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். இவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். கண்ணை மூடினால் ஏதோ ஒரு விபத்து வந்து நிற்கிறது. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறார். எண்ணம், உடம்பு, செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்துக்கொண்டு போகின்றன என்று முதல் பாடம் சொல்லத் தொடங்குகிறது. மொத்தம் ஐந்து பாடங்கள், எட்டு வாரங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிகிச்சையாளர் அவருக்கு எழுதுவார்.

இந்தப் பாடங்கள் அந்த மேசைக்கு வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நான்கு கண்டங்களில் தங்கி, ஒவ்வோர் ஊரிலும் எதையோ விட்டு எதையோ சேர்த்துக்கொண்டு அவை வந்திருக்கின்றன.

ஐந்தில் மூத்தது நான்காவது பாடம். எதைக் கண்டு அஞ்சி ஒதுங்குகிறோமோ அதைப் படிப்படியாக நெருங்கிப் பழகச் சொல்லும் பாடம் அது. அதன் வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜோசப் வோல்ப் அங்கே ராணுவ மருத்துவர். போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்து, நடந்ததைப் பேசவைப்பதுதான் அப்போதிருந்த வழி. அதனால் பெரிய குணம் எதையும் வோல்ப் காணவில்லை. போருக்குப் பின் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளைக் கொண்டு சோதித்தார். கூண்டைக் கண்டாலே நடுங்கும்படி ஆகிவிட்ட பூனைக்கு, அந்தக் கூண்டிலிருந்து தொலைவில் உணவு வைத்தார். அது அமைதியாகச் சாப்பிடப் பழகியதும் கிண்ணத்தைக் கொஞ்சம் நெருக்கினார். கடைசியில் பூனை கூண்டுக்குள்ளேயே சாப்பிட்டது. 1958இல் இதை மனிதர்களுக்கான சிகிச்சை முறையாகப் புத்தகமாக்கினார். பின்னால் வந்தவர்கள் அதில் பலவற்றை மாற்றினார்கள். ஆனால் அச்சத்தைப் படிகளாகப் பிரித்து ஏறுவது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. சீருடை அணிந்தவர்களின் துயரத்தைப் பார்த்துப் பிறந்த அந்த யோசனை, பல ஊர் சுற்றி மீண்டும் சீருடை அணிந்தவர்களிடமே வந்ததுதான் இந்தக் கதை.

இரண்டாம் பாடம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தது. ஆரோன் பெக் மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மருத்துவர். நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதை அவர் 1960களில் கவனித்தார். அழைக்காமலே எழும் எண்ணங்கள் அவை: ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘எல்லாம் என்னால்தான்’. ஆம்புலன்ஸ் ஊழியரின் மனத்தில் அது வேறு வடிவில் ஓடும்: ‘இரண்டு நிமிடம் முன்னால் போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும்.’ நல்லதையே நினை என்று பெக் போதிக்கவில்லை. அந்த எண்ணத்தை எழுதி வை, அதற்கு என்ன சான்று, எதிராக என்ன சான்று என்று ஒரு விசாரணை அதிகாரியைப் போலப் பார் என்றார். 1979இல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்த முறையைப் பிறர் கற்றுச் செய்யும் வகையில் விரிவாக எழுதிவைத்தார்கள்.

இந்தச் சிகிச்சை ஊர்விட்டு ஊர் போக முடிந்ததற்குக் காரணம் அந்த எழுத்துதான் என்று நினைக்கிறேன். வோல்பின் படிகளும் பெக்கின் விசாரணையும் சேர்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, தொடக்கத்திலிருந்தே வீட்டுப்பாடம் கொடுக்கும் சிகிச்சை. மருத்துவரோடு பேசும் நேரத்தைவிட வீட்டிலும் தெருவிலும் வேலையிலும் செய்து பார்ப்பதே அதில் பெரிய பங்கு. பாதி சிகிச்சை ஏற்கெனவே அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

மீதிப் பாதியும் வெளியே வர முடியுமா என்று லண்டனில் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து மாட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய ஐசக் மார்க்ஸ், அச்ச நோய் உள்ளவர்கள் தாமே படித்துச் செய்யும் வகையில் 1978இல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த பத்தாண்டில் அவர் குழு ஒரு சோதனை நடத்தியது. ஒரு பிரிவினருக்கு மனநல மருத்துவர் வழிகாட்டினார். இன்னொரு பிரிவினருக்குக் கணினி, மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகம். மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

இணையம் வந்ததும் பாடங்கள் ஐரோப்பாவின் வடக்கே நகர்ந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃப்ரட் லாங்கே, அதிர்ச்சிக்கு ஆளானவர்களை நடந்ததை எழுதச் சொல்லி, இணையம் வழியாகவே படித்துப் பதில் அனுப்பும் முறையை 1990களின் இறுதியில் உருவாக்கினார். முகம் பார்த்துச் சொல்ல முடியாததை விரல்கள் எழுதிவிடுவதை அந்த முயற்சி காட்டியது. அதே காலத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் கெர்ஹார்ட் ஆண்டர்சனும் நண்பர்களும் தலைவலி, காது இரைச்சல், திடீர்ப் பீதி என்று ஒவ்வொன்றுக்கும் பாடங்கள் எழுதி இணையத்தில் ஏற்றி, மின்னஞ்சலில் துணை நின்றார்கள்.

அந்த ஆண்டுகளில் பல நாடுகளிலும் ஒரு விஷயம் தெளிவானது. பாடத்தை மட்டும் கொடுத்து ஆளைத் தனியே விட்டால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எங்கோ இருக்கும் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை சில வரிகள் எழுதினாலே தொடர்ந்து படிப்பவர்கள் கூடுகிறார்கள், பலனும் கூடுகிறது. மருத்துவரின் அறை இல்லாமல் சமாளிக்க முடிந்தது. மறுமுனையில் ஒரு மனிதர் இல்லாமல் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. இந்தப் பாடங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் சில வரிகளில்தான் போய் நிற்கிறது.

அடுத்த தங்கல் சிட்னி. ஸ்வீடனிலிருந்து கற்றுக்கொண்ட முறையை நிக் டிட்டோவ் அங்கே வளர்த்தெடுத்தார். மனச்சோர்வுக்கு ஒரு பாடம், பதற்றத்துக்கு ஒரு பாடம் என்று பிரிப்பானேன்? பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கின்றனவே. அவரும் பிளேக் டியரும் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரு பாடத்தொகுப்பை எழுதினார்கள். ஐந்து பாடங்கள், எட்டு வாரங்கள் என்ற அமைப்பு அங்கேதான் உறுதியானது. 2012 டிசம்பரில் அரசு நிதியோடு ‘மைண்ட்ஸ்பாட்’ என்ற இணைய மருத்துவமனை ஆஸ்திரேலியா முழுவதற்கும் திறந்தது.

அங்கிருந்து பாடங்கள் பசிபிக்கைக் கடந்து ரெஜைனாவுக்கு வந்தன. சஸ்காட்செவனின் தலைநகரம் அது. தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு பரப்புள்ள அந்த மாகாணத்தில் வசிப்பவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் அளவில்தான். கனடாவில் எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு 1962இல் தொடங்கியதும் இதே மாகாணத்தில்தான். ஆனாலும் மனநலச் சிகிச்சையாளரைப் பார்க்கப் பலரும் மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே ஒருவர் இருந்தால் வேறு சங்கடம். சிற்றூரில் யாருடைய வண்டி யார் வாசலில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ரெஜைனா பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஹட்ஜிஸ்டாவ்ரோபூலோஸ் 2010இல் இணையச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சிட்னியின் பாடங்கள் அங்கே பொதுமக்களுக்குப் பயன்படத் தொடங்கின.

ரெஜைனாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கனடாவின் அரச குதிரைப்படைக் காவல்துறைக்கான பயிற்சிக் களம் 1885 முதல் அங்கேதான் இருக்கிறது. காவலர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர், சிறைக் காவலர், அவசர அழைப்பை எடுத்துப் பேசுபவர் என்று எல்லோரும் சேர்ந்த ‘பொதுப் பாதுகாப்புப் பணியாளர்’களின் மனநிலையை, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் கார்ல்டனின் குழு நாடு முழுக்கக் கேட்டறிந்தது. 5,813 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 44.5 சதவீதத்தினரின் பதில்கள் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறின் அறிகுறியைக் காட்டின. இவை வினாத்தாளில் தெரிந்த அறிகுறிகள்தாம், மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன முடிவுகள் அல்ல. இருந்தாலும் நூறில் நாற்பத்து நான்கு என்பது கண்டும் காணாமல் போகக்கூடிய எண் அல்ல.

அந்த ஆய்வு இதழில் அச்சான 2018ஆம் ஆண்டில், ஏப்ரல் 6 அன்று, சஸ்காட்செவனின் ஆர்ம்லி அருகே ஹம்போல்ட் ஊரின் இளம் ஹாக்கி அணி போன பேருந்தும் ஒரு லாரியும் மோதின. பதினாறு பேர் இறந்தார்கள், பதின்மூன்று பேர் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு முதலில் ஓடிவருபவர்களில் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருப்பார்கள். அவர்கள் மற்ற நாட்களில் விவசாயம் பார்ப்பவர்கள், கடை நடத்துபவர்கள். இறந்தவரையும் பிழைத்தவரையும் நாம் எண்ணுகிறோம். அவர்களைத் தூக்கியவர்களின் கணக்கை எங்கும் எழுதுவதில்லை.

இத்தகைய பணியால் மனத்துக்கு நேர்வதைக் கனடா அரசின் ஆவணங்கள் ‘கோளாறு’ என்று மட்டும் சொல்லாமல் ‘காயம்’ என்றும் எழுதத் தொடங்கின. சிறிய சொல் மாற்றம்தான். ஆனால் கோளாறு என்றால் ஆளிடம் குறை என்றாகிவிடுகிறது. காயம் என்றால் வேலையில் பட்டது, ஆறக்கூடியது. 2018 நிதிநிலை அறிக்கையில் பொதுப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான இணையவழி சிபிடி முயற்சிக்கு நிதி ஒதுக்கினார்கள். 2019 டிசம்பரில் ‘பிஎஸ்பிநெட்’ என்ற பெயரில் அது சஸ்காட்செவனில் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்கும், பின்னர் வேறு மாகாணங்களுக்கும் போனது.

சிட்னியின் பாடங்களை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பாடங்களில் வரும் மனிதர்களின் கதைகளை மாற்றினார்கள். தூக்கம் கெடுப்பது மாறிமாறி வரும் ஷிப்டு என்று பாடத்துக்குத் தெரிய வேண்டும். எப்போதும் விழிப்பாயிருப்பது காவலருக்கு வேலையில் உயிரைக் காக்கும் பழக்கம், கடைத்தெருவில் குடும்பத்தோடு நிற்கும்போது அதுவே வதை என்றும் தெரிய வேண்டும். இவர்களில் பலருக்கு ஓர் அச்சம் உண்டு: உதவி கேட்டால் துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், அலுவலக மேசைக்கு மாற்றிவிடுவார்கள், கூட வேலை செய்பவர்கள் நம்ப மாட்டார்கள். இங்கே சிகிச்சையாளர் வேலை கொடுத்த துறையின் ஆள் அல்ல. வாசலில் வண்டி நிறுத்த வேண்டியதும் இல்லை. படித்து முடித்தவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சியின் தடம் ஆகியவற்றின் அறிகுறிகள் குறைந்திருப்பதை அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தின் விளிம்பில் நிற்பவருக்கு எட்டு வாரப் பாடம் போதாது, உடனடி உதவி வேண்டும். அதனால்தான் வாரந்தோறும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. பதில்கள் கவலை தந்தால் சிகிச்சையாளர் எழுதிக்கொண்டிருக்காமல் போனை எடுக்கிறார். இன்னொன்று, மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யும் நிலையத்தை எந்தப் பாடமும் சரிசெய்யாது. ஊழியருக்குப் பாடம் இருக்கிறதே என்று ஒரு துறை கைகழுவினால் அது அந்தப் பாடத்துக்கே செய்யும் துரோகம்.

மீண்டும் அந்தச் சமையலறை மேசை. சில வாரங்கள் கழிந்துவிட்டன, இப்போது நான்காம் பாடம். விபத்து நடந்த அந்தச் சாலை வழியாக வண்டி ஓட்டுவதை அவர் தவிர்த்து வருகிறார், இருபது நிமிடம் சுற்றிப் போகிறார். படிகளை எழுதச் சொல்கிறது பாடம். முதல் படியாக, பகலில் அந்தச் சாலையின் தொடக்கம்வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவது என்று எழுதுகிறார். அதைச் செய்து பார்த்த பிறகு ஒரு நாள், விடியும் முன் மூன்று மணிக்கு அதைப் பற்றிச் சிகிச்சையாளருக்கு நாலு வரி தட்டுகிறார்: போனேன், கை நடுங்கியது, பத்து நிமிடம் நின்றேன்.

அந்நேரத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பதில் வரும் நாளும் தெரியும். ஆண்டுக்கணக்காக, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தவர் அவர். குறித்த நாளில் திரையைத் திறக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார்.