கேபிள் தெரு கற்பிக்கும் பாடம்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரிஷ் கத்தோலிக்கத் துறைமுகத் தொழிலாளர் நிறைந்த கிழக்கு இலண்டனில், ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதர்கள் குடியேறினர். வீடுகள் போதவில்லை; வாடகை உயர்ந்தது; பழி புதிதாக வந்தவர்மீது விழுந்தது. பகை வளர்ந்தது.

1912-இல் யூதத் தையல் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் ஒரே காலத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். பசியால் வாடிய துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் 300-க்கும் மேற்பட்டோரை யூதக் குடும்பங்கள் தம் இல்லங்களில் ஏற்று உணவளித்தன.

1936 அக்டோபர் 4 அன்று பாசிசவாதிகள் யூதர் வாழ்ந்த பகுதிக்குள் அணிவகுக்க வந்தபோது, கேபிள் தெருவில் ஐரிஷ் தொழிலாளர் யூதரோடு தோள்கொடுத்து நின்றனர்.

நமக்குப் பின் இந்நாட்டிற்கு வரும் அகதியை, நம் வேலைக்கும் வீட்டிற்கும் போட்டியாளராகவே காண்கிறோமா? அவருடைய பிள்ளைக்கு நம் உணவுமேசையில் இடமுண்டா?