யட்டியாந்தோட்டையில் ஓர் அலமாரி

களனிப் பள்ளத்தாக்கின் மழையை அறிந்தவர்கள், யட்டியாந்தோட்டையில் ஒரு புத்தகத்தைக் காப்பாற்றுவது எத்தகைய காரியம் என்பதையும் அறிவார்கள். ஈரம் ஒருபுறம், கறையான் மறுபுறம். ஓர் அலமாரியில் அடைந்து கிடந்த நாவல்களை ஒரு மாத காலம் கூடிப் படித்து, வைத்திருக்க வேண்டியவை எவை, விலக்க வேண்டியவை எவை என்று தீர்மானிக்க முற்பட்டோம். நல்ல நாவல் தங்கும், நச்சு நாவல் வெளியேறும், அவ்வளவுதானே என்று எண்ணினோம். அந்த எண்ணம் ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை.

நாம் வாழும் இந்த மண்ணின் சரித்திரமே எம்மை மறித்தது. இதே கேகாலை மாவட்டத்தில், தொழிலாளர் உருளவள்ளி என்று அழைத்த நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவர்களுக்குக் காணி வழங்குவதற்கென எடுத்துக்கொண்டது. அங்கே உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் லயங்களை விட்டு அசையவில்லை. அவர்களுக்காக 1946 ஜூனில் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தம் மூண்டது. அத்துமீறல் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தொழிலாளி அங்கே தங்கியது எவரையும் துன்புறுத்தும் நோக்கத்தினால் அன்று, தன் வீட்டில் தொடர்ந்து இருக்கும் நோக்கத்தினாலேயே. ஆகவே அது குற்றமாகாது என்று 1950இல் அந்த மன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், அதற்குள் என்ன நடந்துவிட்டது? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. ருவன்வெல்ல, சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அறையில் இருக்கும் உரிமையை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட வேளையில், நாட்டில் இருக்கும் உரிமையைச் சட்டம் பறித்துவிட்டிருந்தது!

தீர்ப்பேட்டில் வழக்கு உண்டு. வழக்காடியவனின் அடுப்பங்கரை இல்லை. அதனை எங்கே தேடுவது? சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' இங்கேதான் எமக்குப் பொருள்பட்டது. தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கும் கதை அது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே எசமானின் கையில் இருக்கின்றன என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் பாடம் உரைத்துவிடும்? 1947 முதல் 1952 வரை தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர் எழுதிய நாவல் இது. 1960களின் தொடக்கத்தில் நாளேட்டில் தொடராக வந்தது. 1981இல்தான் நூலுருப் பெற்றது. பழைய தாள்தானே என்று எல்லோரும் எறிந்திருந்தால் 'வீடற்றவன்' ஏடற்றவனாகவும் ஆகியிருப்பான் அன்றோ?

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' குறித்து எம்மிடையே கடும் வாதம் நிகழ்ந்தது. ஆசிரியை தொழிலாளி வர்க்கத்தவர் அல்லர். அவரது அனுதாபம் வெளியிலிருந்து வருவது. ஆகவே விலக்குவோம் என்றனர் சிலர். அவ்வாறாயின், லயத்தில் பிறவாத ஆசிரியர்களாகிய எம்மில் பலரையும் பாடசாலையிலிருந்து விலக்க வேண்டியதுதான் என்று ஒரு மாணவி சொன்னாள். நாம் வாயடைத்துப் போனோம். தமிழகக் கிராமத்திலிருந்து ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட மக்களின் தலைமுறைக் கதையைச் சொல்லும் அந்நாவல் 1964இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974வரை அந்தரத்தில் தொங்கியது. எண்களுக்கு முகம் கொடுக்கும் நூலை, எழுதியவரின் முகவரியைப் பார்த்து விலக்குவது நேர்மையாகுமா? அதன் குறைகளை விவாதித்தோம், நூலை வைத்துக்கொண்டோம்.

தி. ஞானசேகரனின் 'குருதிமலை'யை (1979) எவரும் எதிர்க்கவில்லை. 1970களில் தோட்டக் காணிகளைப் பறிக்க வந்தோரைத் தொழிலாளர் எதிர்த்து நின்றதை அது பேசுகின்றது. உருளவள்ளியின் கேள்வி முப்பது ஆண்டுகளின் பின்னும் தீரவில்லை என்பதற்கு அது சாட்சி.

இறுதியில் நாம் விலக்கியவை மிகச் சில. மக்களை இழிவுபடுத்திச் சிரிக்க வைக்கும் நூல்களும், உழைப்பவனே தெரியாத ஓர் உலகை உண்மை என்று காட்டும் நூல்களுமே வெளியேறின. ஆனால் வைத்திருப்பவற்றைக் காட்டிலும் இல்லாத ஒன்றே எம்மை வருத்துகின்றது. நாம் படித்த மலையக நாவல்களிலெல்லாம் கொழுந்துக் கூடை உண்டு, பனி உண்டு. விடியுமுன் கத்தியோடும் வாளியோடும் புறப்பட்டு, மழை வந்தால் பால்வெட்டும் அன்றைய கூலியும் போயிற்றே என்று வானத்தைப் பார்க்கும் எமது சப்ரகமுவ ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளி அவற்றில் அரிதாகவே தென்படுகின்றான்.

மாணவ நண்பர்களே! இருக்கும் ஏடுகளைக் கறையானிடமிருந்து காப்போம். இல்லாத ஏட்டை எழுத, பாட்டன் பாட்டிகளிடம் இன்றே கேட்கத் தொடங்குவோம். அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக வைத்திருக்கின்றோம்.