பாயான் லெப்பாஸ்: வரிச் சலுகையா, கைத்திறனா?

பினாங்கு என்றதும் நம்மவர்களுக்குத் தண்ணீர்மலையும் தைப்பூசமும் நினைவுக்கு வரும். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கோ பினாங்கு என்றால் பாயான் லெப்பாஸ்தான். விமான நிலையத்துக்கு அருகே வயல்வெளியாகக் கிடந்த இடம், உலகின் மின்னியல் நிறுவனங்கள் தேடிவரும் வட்டாரமானது எப்படி? வரிச் சலுகை கொடுத்தார்கள், வந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான்.

1786 முதல் வரியில்லாத் துறைமுகமாக வாழ்ந்த பினாங்கு, 1969இல் அந்தத் தகுதியை இழந்தது. அப்போது வேலையில்லாதோர் சுமார் 15 விழுக்காட்டினர். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள்கூட வேலையின்றி வீட்டில் இருந்தனர். அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, துறைமுகத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டு, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் நாட்டின் முதல் சுதந்திர வாணிப மண்டலமானது.

இடத்தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. மின்னியல் சில்லு எடை குறைந்தது, விலை மிகுந்தது. கப்பல் வேண்டாம், விமானமே போதும். அமெரிக்காவில் செய்த சில்லுகள் பறந்து வந்து, பினாங்கில் உறையிடப்பட்டு, சோதிக்கப்பட்டு, மீண்டும் பறந்தன. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி, லிட்ரோனிக்ஸ், கிளாரியன் ஆகிய எட்டும் முதலில் வந்தவை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை இதுதான். 1975இல் அது தீக்கிரையானது. மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகாமல் மீண்டும் கட்டியது.

ஏன் போகவில்லை? விடை அந்த வேலை மேசைகளில் இருந்தது. மலாய், சீன, இந்திய இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தினார்கள். இரவு பகல் ஷிஃப்ட், தொழிற்சாலை பஸ், கண்வலி. ஊரில் அவர்களுக்கு "மினா காரான்" என்ற இளக்காரப் பெயர் வேறு! மின்னியல் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதியில்லை. 1988இல்தான், அதுவும் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளே மட்டும், அனுமதி கிடைத்தது. பினாங்கின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்தப் பெண்களைப் பற்றி அதிகம் கேட்க முடிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

1980களின் நடுவில் பொருளாதாரம் சரிந்து பலர் வேலையிழந்தனர். மலிவான கூலி மட்டும் நிலைக்காது என்பது புரிந்தது. 1989இல் மாநில அரசும் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. சந்தையில் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் தந்து ஆள்களைப் பயிற்றுவித்தது அப்போது புதுமை. பொருத்தும் வேலையோடு நிற்காமல், வடிவமைப்பும் ஆராய்ச்சியும் அடுத்த பத்தாண்டில் இங்கே வேரூன்றின. அங்கே வேலை கற்றவர்கள் சொந்தத் தொழிலும் தொடங்கினர். அஜிலண்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த பொறியாளர்கள் 2000இல் தொடங்கிய விட்ராக்ஸ், சில்லுகளைச் சோதிக்கும் கருவிகளைத் தானே தயாரித்து விற்கிறது.

சைபர்ஜெயாவில் கதை தலைகீழ். 1997இல் தொடங்கப்பட்ட அந்நகரில் முதலில் கட்டடங்கள், பிறகு ஆள்கள். பாயான் லெப்பாஸில் முதலில் ஆள்கள். ஆராய்ச்சிக்கூடம் பின்னால் வந்தது.

2021 டிசம்பரில் பினாங்கு, கூலிம் விரிவாக்கத்துக்கு இன்டெல் 3,000 கோடி வெள்ளி முதலீட்டை அறிவித்தது. பத்திரிகைகள் அந்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. 2024 மே மாதம் வெளியான தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் இன்னோர் எண் இருக்கிறது: பயிற்றுவிக்கப்பட வேண்டிய பொறியாளர்கள் 60,000 பேர்.